டாட்சன் 240இசட்: பின்சக்கர டிரம் பிரேக்கை டிஸ்க் பிரேக்காக மாற்றுவதற்கான முழுமையான வழிகாட்டி

நிசான் நிறுவனம் டாட்சன் என்ற பெயரில் விற்ற 240இசட், 260இசட், 280இசட் ஆகிய மூன்று ஸ்போர்ட்ஸ் கார்களும் எஸ்30 என்ற ஒரே உடற்கட்டைச் சேர்ந்தவை. மூன்றிலும் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கும் இருக்கும். 1979-இல் வந்த 280இசட்எக்ஸ் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் கிடைத்ததால், பழைய வண்டியின் பின்பக்கத்தை மாற்ற விரும்புகிறவர்கள் உதிரிகளுக்குப் பெரும்பாலும் நிசானின் பிந்தைய வண்டிகளையே நாடுகிறார்கள்.

சக்கரத்தோடு சுழலும் வட்டத்தகடான ரோட்டாரையும், அதை இருபுறமும் பேடுகளால் அழுத்திப் பிடிக்கும் காலிப்பரையும் மாட்டுவது இந்த வேலையின் சிறிய பகுதி. கைப்பிரேக்கை இயங்கச் செய்வதும், முன்னுக்கும் பின்னுக்கும் இடையே பிரேக் அழுத்தத்தைச் சமன் செய்வதும்தான் பெரிய பகுதி. டிரம்மைக் கழற்றுவதில் வேலையைத் தொடங்குகிறவர்கள் பலர் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிவைத்துவிட்டு, ஒரு சிறிய அடாப்டருக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. எனவே இங்கே சொல்லப்படும் வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

1. இந்த மாற்றம் உங்கள் வண்டிக்குத் தேவையா

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன்சக்கரங்களே செய்கின்றன. நல்ல நிலையில் உள்ள 9 அங்குல அலுமினிய டிரம், சாலையில் ஓடும் 240இசட்டுக்குப் போதுமானது. பின்னால் டிஸ்க் மாட்டியதால் மட்டுமே வண்டி குறைந்த தூரத்தில் நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கிடைக்கும் பலன்கள் வேறு. தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது டிரம் சூடாகிப் பிடிப்பை இழக்கிறது, ஈரத்தில் இடமும் வலமும் வெவ்வேறாகப் பிடிக்கிறது, டிரம்மின் உட்புறத்தை அழுத்தும் பட்டையான ஷூவை அடிக்கடி சரிசெய்ய வேண்டியிருக்கிறது. இம்மூன்றும் டிஸ்க்கில் வெகுவாகக் குறைகின்றன. பந்தயத் தடத்துக்கோ நீண்ட மலைப்பாதைகளுக்கோ வண்டியைக் கொண்டுபோகிறவர்களுக்கு இவை பொருட்படுத்தத் தக்கவை.

முன் பிரேக் இன்னும் பழைய ஹோஸோடும் தேய்ந்த ரோட்டாரோடும் இருந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். முன்பக்கம் பலவீனமாக இருக்கும்போது பின்பக்கத்தைப் பலப்படுத்துவது ஆபத்து: பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முன்பே சுழலாமல் பூட்டிக்கொண்டால் வண்டியின் பின்பகுதி சுழன்று முன்னால் வந்துவிடும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் முடிவு, எந்த வண்டியின் காலிப்பர் என்பது. 280இசட்எக்ஸ், 1982 முதல் 1984 வரையிலான மாக்ஸிமா, பிந்தைய 240எஸ்எக்ஸ் ஆகிய மூன்றின் பின் காலிப்பர்கள்தான் பழக்கத்தில் உள்ளவை. மூன்றிலும் கைப்பிரேக் இயக்கம் காலிப்பருக்குள்ளேயே இருப்பதால், தனியாக ஒரு கைப்பிரேக் அமைப்பு வேண்டியதில்லை. காலிப்பரை வண்டியோடு பிடித்துவைக்கும் பிராக்கெட், ரோட்டார், ஹோஸ், கேபிள் ஆகிய அனைத்தும் இந்த ஒரு முடிவைப் பொறுத்தே அமையும் என்பதால், ஒன்றின் பிராக்கெட்டையும் மற்றொன்றின் காலிப்பரையும் கலந்து வாங்காதீர்கள்.

காலிப்பர் பிஸ்டனின் விட்டத்தையும் பாருங்கள். 33 மி.மீ. பிஸ்டனின் பரப்பு சுமார் 855 சதுர மி.மீ.; 43 மி.மீ. பிஸ்டனின் பரப்பு சுமார் 1,450 சதுர மி.மீ. பிரேக் குழாயில் ஒரே அழுத்தம் இருந்தாலும் இரண்டாவது காலிப்பர் ஏறக்குறைய 1.7 மடங்கு விசையோடு பேடை அழுத்தும். பின்சக்கரத்தைப் பொறுத்தவரை இது வரவேற்கத்தக்கதன்று. முன்பக்கம் நிறுவனம் கொடுத்த காலிப்பரோடு இருந்தால், பின்னால் சிறிய பிஸ்டனையே தேர்ந்தெடுப்பேன்.

வாங்கிவைக்க வேண்டிய மற்றவை: இரு பிராக்கெட்டுகளும் அவற்றுக்குரிய 10.9 தர போல்ட்டுகளும், ரோட்டார், பேட், காலிப்பருக்கு ஏற்ற நெகிழ்ஹோஸ், செம்பு வாஷர்கள், கைப்பிரேக் கேபிளோ அதற்கான இணைப்புத் துண்டுகளோ, பின்குழாயில் சேர்க்கத் திருகு வைத்த பிரப்போர்ஷனிங் வால்வு (பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைக் குறைப்பது), அந்த வால்வுக்கான அடாப்டர்கள், புதிதாகத் திறந்த டாட் 4 பிரேக் ஆயில்.

கருவிகளில் மூன்றை இரவலாவது வாங்கிவிடுங்கள். முதலாவது, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச். இரண்டாவது குழாய் நட்டுக்கான ஃபிளேர் ஸ்பேனர். சாதாரண ஸ்பேனர் பழைய நட்டின் முனைகளை மழுங்கடித்துவிடும். மூன்றாவது பிஸ்டனைத் திருகி உள்ளே அனுப்பும் கருவி. இதன் அவசியம் 7-ஆம் பகுதியில் விளங்கும்.

3. கழற்றும் முன் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்

வண்டி தரையில் நிற்கும்போதே பெடல் எவ்வளவு தூரம் இறங்கிய பிறகு பிடிக்கிறது என்பதை அளந்து எழுதிவையுங்கள். வேலை முடிந்தபின் பெடல் ஆழமாக இறங்கினால், முன்பு எப்படி இருந்தது என்று தெரியாமல் காரணத்தைத் தேட முடியாது.

பெடலை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து புறப்படும் இரு குழாய்களில் எது முன்னுக்கு, எது பின்னுக்கு என்பதைக் கையால் தடவிக்கொண்டே சென்று கண்டறிந்து, நாடா ஒட்டி அடையாளமிடுங்கள். பிரப்போர்ஷனிங் வால்வு எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். தயாரிப்பு ஆண்டைப் பொறுத்து அது வண்டியின் பின்பகுதியிலோ எஞ்சின் அறையிலோ இருக்கும்.

சக்கரத்துக்கும் காலிப்பருக்கும் இடையிலான இடைவெளியை இப்போதே சோதியுங்கள். 14 அங்குல வீலாக இருந்தால், காலிப்பரையும் பிராக்கெட்டையும் ரோட்டாரோடு மேசைமேல் சேர்த்துவைத்து, நடுவிலிருந்து வெளிவிளிம்புவரை அளந்து, அந்த அளவில் அட்டை ஒன்றை வெட்டி வீலுக்குள் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். எங்கும் குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும்.

4. வண்டியைத் தூக்குதலும் டிரம்மைக் கழற்றுதலும்

கைப்பிரேக்கை விடுவித்துத்தான் வேலை செய்ய வேண்டும் என்பதால் முன்சக்கரங்களின் இருபுறமும் கட்டை வையுங்கள். பின்பக்கத்தை டிஃபரன்ஷியலுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, உடற்கட்டின் உறுதியான இடங்களில் இரண்டு ஸ்டாண்டுகள் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையக் கூடாது.

பழைய ஷூக்களில் கல்நார் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. டிரம்முக்குள் உள்ள தூசியைக் காற்றால் ஊதாமல், பிரேக் கிளீனரால் நனைத்துத் துணியால் துடைத்து, அந்தத் துணியை உறையிலிட்டுக் கட்டி அகற்றுங்கள்.

அலுமினிய டிரம் ஹப்போடு (சக்கரம் மாட்டப்படும் மையப்பகுதியோடு) இறுகிப்போயிருக்கும். சுத்தியலால் விளிம்பைத் தட்டினால் துடுப்புகள் உடையும். டிரம்மின் முகத்தில் 8 மி.மீ. போல்ட்டுக்கு மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கின்றன. அவற்றில் போல்ட்டுகளைச் செலுத்தி, ஒன்றுக்கு அரைச்சுற்று, மற்றதற்கு அரைச்சுற்று என மாற்றி மாற்றி இறுக்கினால் டிரம் நேராக வெளியே வரும். வராவிட்டால், உள்ளே தேய்ந்த பள்ளத்தில் ஷூ மாட்டியிருக்கிறது என்று பொருள். அப்போது ஷூ சரிசெய்யும் பகுதியைத் தளர்த்திய பிறகே போல்ட்டை மேலும் இறுக்க வேண்டும்.

ஷூக்களையும் சுருள்களையும் எடுத்தபின் குழாயைக் கழற்றுவதற்கு முன், பிரேக் பெடலைச் சுமார் 3 செ.மீ. கீழே அழுத்தி ஒரு குச்சியால் நிறுத்திவையுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் நகர்ந்து, தொட்டியிலிருந்து வரும் துளையை மூடிவிடுவதால் ஆயில் ஒழுகிக்கொண்டே இருக்காது. பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும். பட்ட இடத்தை உடனே தண்ணீர்விட்டுக் கழுவிவிடுங்கள்.

5. பேக்கிங் பிளேட்டை அகற்றுதல்

இங்கே இரண்டு வழிகள் உள்ளன, ஒன்றிலிருந்து திரும்பி வர முடியாது. ஷூக்களைத் தாங்கியிருந்த தகடான பேக்கிங் பிளேட் ஹப்புக்குப் பின்னால் நான்கு போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்கிறது. அதை முழுதாக எடுக்க வேண்டுமானால், ஹப்பைச் சுழற்றும் குட்டை அச்சான ஸ்டப் ஆக்ஸிலையே உருவியாக வேண்டும்.

ஸ்டப் ஆக்ஸிலின் நட்டு, ஓரம் உள்ளே தட்டி மடக்கிப் பூட்டப்பட்டது. மடங்கிய ஓரத்தை உளியால் நிமிர்த்தாமல் நட்டைத் திருகினால் ஆக்ஸிலின் மரை அறுந்துபோகும். உருவி எடுக்க, எடையை வெளிப்புறமாக அடித்து இழுக்கும் ஸ்லைடு ஹாமர் தேவைப்படும். அந்த அடியில் பேரிங்குகள் பழுதாவதால் அவற்றைப் புதிதாகப் போட வேண்டியிருக்கும். பேரிங் எப்படியும் மாற்ற வேண்டிய நிலையில் இருந்தால் இதுவே சரியான வழி.

இல்லாவிட்டால், போல்ட்டுகளைக் கழற்றிவிட்டுத் தகடு வெட்டும் கத்தரியால் பேக்கிங் பிளேட்டை வெட்டி எடுத்துவிடலாம். பெரும்பாலோர் இதைத்தான் செய்கிறார்கள். அரைக்கும் கருவியைப் பயன்படுத்துவதானால் பேரிங் பக்கத்தை நனைத்த துணியால் அடைத்துவிடுங்கள். உலோகத்தூள் உள்ளே போனால் சில ஆயிரம் கிலோமீட்டரில் பேரிங் முனகத் தொடங்கும். வெட்டியபின் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமானால் வேறொரு பேக்கிங் பிளேட்டைத் தேடித்தான் வாங்க வேண்டும். வண்டியை அசல் நிலையில் விற்கும் எண்ணம் இருப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளட்டும்.

6. பிராக்கெட்டும் ரோட்டாரும்

பிராக்கெட் உட்காரும் முகத்திலிருந்து துரு, பெயின்ட், பழைய கேஸ்கெட் துணுக்குகள் அனைத்தையும் சுரண்டி எடுங்கள். அங்கே அரை மி.மீ. பெயின்ட் தங்கினாலும் காலிப்பர் சாய்ந்து உட்காரும், பேட் ஒருபக்கமாகத் தேயும். போல்ட்டுகளுக்கு நடுத்தர வலிமையுள்ள மரைப்பசை தடவி, பிராக்கெட் செய்தவர் குறிப்பிட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கூடவந்த போல்ட்டு குட்டையாக இருக்கிறதென்று கடையில் கிடைத்த ஒன்றைப் போடுவது, இந்த வேலையில் நான் அடிக்கடி பார்க்கும் துணிச்சல்களில் ஒன்று. அந்த நான்கு போல்ட்டுகள்தான் பின்சக்கரத்தின் பிரேக் விசை முழுவதையும் தாங்குகின்றன.

ஹப்பின் முகத்தையும் கம்பித்தூரிகையால் பளிச்சென்று ஆக்குங்கள். ரோட்டாரை மாட்டி, வாஷர்கள் வைத்து வீல்நட்டுகளால் சமமாக இறுக்கியபின், நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் காட்டியை வெளிவிளிம்புக்குச் சற்று உள்ளே தொடவைத்து ஒரு முழுச்சுற்று சுற்றிப் பாருங்கள். முள் 0.1 மி.மீ.-க்கு மேல் ஆடினால், ரோட்டாரைக் கழற்றி அடுத்த ஸ்டட்டுக்கு (வீல்நட்டு ஏறும் மரைக்கம்பிக்கு) மாற்றி மாட்டுங்கள். பல நேரங்களில் ஹப்பின் கோணலும் ரோட்டாரின் கோணலும் ஒன்றையொன்று ஈடுசெய்து ஆட்டம் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ரோட்டாரைக் குறைசொல்வதற்கு முன் ஹப்பையே அளந்து பாருங்கள்.

ரோட்டாரின் தொப்பிப் பகுதி பழைய டிரம்மின் முகத்தைவிடத் தடிமனாக இருந்தால், ஸ்டட்டில் வீல்நட்டு ஏறும் நீளம் குறையும். இந்த வண்டியின் ஸ்டட் 12 மி.மீ. விட்டமும் 1.25 மி.மீ. மரை இடைவெளியும் கொண்டது. நட்டு ஏறக்குறைய 10 முழுச்சுற்று ஏறினால்தான் ஸ்டட்டின் விட்டத்துக்குச் சமமான பிடிப்பு கிடைக்கும். அதற்குக் குறைந்தால் நீளமான ஸ்டட் போடாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

7. காலிப்பரை மாட்டுதல்

இடது, வலது மாறிப்போவதுதான் முதல் தவறு. காலிப்பர் இரு பக்கத்திலும் மாட்டிக்கொள்ளும், குழாயும் சேரும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். ஆனால் காற்று வெளியேற்றும் நிப்பிள் கீழே போய்விடும், காற்றோ மேலே தங்கும். எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் பெடல் பஞ்சுபோல இருக்கும். மாட்டும்போதே நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். சில பிராக்கெட்டுகளில் காலிப்பரின் கோணத்தால் சரியான பக்கத்திலும் நிப்பிள் உச்சியில் வராது. அதற்கான வழியைப் 12-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

இரண்டாவது தவறு, பிஸ்டனைச் சி-கிளாம்ப் வைத்து நசுக்குவது. முன் காலிப்பரில் அது சரி. கைப்பிரேக் உள்ளடங்கிய பின் காலிப்பரில் பிஸ்டனுக்குப் பின்னால் ஒரு திருகு இருப்பதால், பிஸ்டனைச் சுழற்றினால்தான் அது உள்ளே போகும், பெரும்பாலும் வலஞ்சுழியாக. நசுக்கினால் உள்ளிருக்கும் இயக்கம் கெட்டுவிடும்.

பிஸ்டனின் முகத்தில் வெட்டுப்பள்ளம் இருக்கிறது. பேடின் பின்தகட்டில் உள்ள சிறு குமிழ் அந்தப் பள்ளத்துக்குள் உட்கார வேண்டும். குமிழ் பள்ளத்தில் இல்லாமல் பிஸ்டனின் மேட்டில் ஏறி நின்றால் பேட் சாய்ந்து ஆப்புபோலத் தேயும், பிஸ்டனும் பிரேக் பிடிக்கும்போது சுழன்றுகொள்ளும். பேடை வைத்தபின் டார்ச் அடித்துப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

காலிப்பரை இறுக்கியபின், ரோட்டார் பிராக்கெட்டின் நடுவில் ஓடுகிறதா, பேடின் மேல்விளிம்பு ரோட்டாருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நடு தவறினால் ஷிம் எனப்படும் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யலாம். விளிம்பு வெளியே நீட்டினால் ரோட்டாரோ பிராக்கெட்டோ அந்தக் காலிப்பருக்கு உரியதன்று.

8. ஹோஸ்

எஸ்30-இல் உடற்கட்டிலிருந்து ஸ்ட்ரட் (சஸ்பென்ஷன் தூண்) வரை ஒரு ரப்பர் ஹோஸும், அங்கிருந்து வீல் சிலிண்டர் வரை ஒரு இரும்புக் குழாயும் இருக்கும். பேட் தேயத் தேயக் காலிப்பர் பக்கவாட்டில் நகரும் என்பதால், கடைசித் துண்டை இரும்புக் குழாயாக விட்டால் அது நாளடைவில் விரிசல் விடும். காலிப்பரை எட்டும் இணைப்பு நெகிழ்ஹோஸாகவே இருக்க வேண்டும்.

ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும் பாஞ்சோ போல்ட்டில், ஹோஸ் முனையின் இருபுறமும் புதிய செம்பு வாஷர் போடுங்கள். பிறகு சஸ்பென்ஷனை முழுதாகத் தொங்கவிட்டும், ஜாக்கியால் முழுதாக மேலே தூக்கியும் ஹோஸைக் கவனியுங்கள். தொங்கும்போது இழுபடக் கூடாது. தூக்கும்போது மடங்கி ஆக்ஸில்மேலோ டயர்மேலோ உரசக் கூடாது. வண்டி ஸ்டாண்டில் நிற்கும் நிலையில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடைவது போதாது.

9. கைப்பிரேக் கேபிள்

கேபிளை இப்போது வழிப்படுத்துங்கள், ஆனால் இறுக்க வேண்டாம். காலிப்பரின் கை, அதாவது கேபிள் இழுக்கும் நெம்புகோல், எந்தத் திசையில் இழுபட வேண்டுமோ அந்தத் திசைக்கு நேராகக் கேபிள் வந்து சேர வேண்டும். கோணலாக வந்தால் கை திரும்பிவராமல் பேட் ரோட்டாரை உரசிக்கொண்டே இருக்கும்.

பழைய கேபிளின் முனை டிரம்மின் நெம்புகோலுக்காகச் செய்யப்பட்டது. அதைக் காலிப்பரின் கைக்கு இணைக்கும் துண்டுகள் உங்கள் பிராக்கெட்டோடு வரவில்லையென்றால், அளவு கொடுத்துப் புதுக்கேபிள் செய்து வாங்குவதே நல்லது. முனையை வெட்டிக் கம்பிக் கிளிப் போட்டு ஒப்பேற்றும் ஏற்பாடுகள் நீடிப்பதில்லை. கைப்பிரேக்கையே விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு வேண்டுமானால் அது பொருந்தும், சாலை வண்டிக்குப் பொருந்தாது.

10. மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும்

240இசட்டின் மாஸ்டர் சிலிண்டர் 7/8 அங்குல விட்டமுடையது. 1979 முதல் 1981 வரையிலான 280இசட்எக்ஸ்-இன் 15/16 அங்குல மாஸ்டர் சிலிண்டர் அதே பூஸ்டரில் (கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பகுதியில்) மாட்டிக்கொள்ளும். விட்டத்தில் வித்தியாசம் சிறிதாகத் தெரிந்தாலும் பரப்பு 388-லிருந்து 445 சதுர மி.மீ. ஆகிறது. அதாவது பெடலின் அதே நகர்வுக்குச் சுமார் 15 சதவீதம் கூடுதல் ஆயில் தள்ளப்படும், அதே கால் அழுத்தத்துக்குச் சுமார் 13 சதவீதம் குறைவான அழுத்தம் கிடைக்கும்.

ஆகவே பெரிய மாஸ்டர் சிலிண்டர் வலிமையைக் கூட்டுவதில்லை. பெடல் இறங்கும் தூரத்தைத்தான் குறைக்கிறது. முன்பக்கம் மாறாமல் இருந்து, பின்னால் சிறிய பிஸ்டனும் இருந்தால் பழையதோடே ஓட்டிப்பார்க்கலாம். முன்பக்கத்திலும் பெரிய காலிப்பர் போட்டிருந்தால் 15/16 அங்குலத்துக்கே போங்கள்.

இன்னொரு காரணமும் இதற்கு உண்டு. டிரம் பிரேக்குக்கான குழாய்ச்சுற்றில், ஷூ அதிகம் பின்வாங்காமல் இருக்கச் சிறிது அழுத்தத்தைக் குழாயிலேயே தங்கவைக்கும் ஒரு செக் வால்வு இருக்கலாம். டிஸ்க்கில் அந்த அழுத்தம் பேடை ரோட்டாரோடு ஒட்டவைத்துச் சூடேற்றும். நான்கு டிஸ்க் வண்டிக்காகச் செய்த மாஸ்டர் சிலிண்டரைப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. பழையதையே வைத்துக்கொண்டால், பின்சுற்றின் வெளியேறும் துளையில் அந்த வால்வு இருக்கிறதா என்று பார்த்து அகற்ற வேண்டும்.

புதிய சிலிண்டரில் முன்சுற்றும் பின்சுற்றும் இருக்கும் இடம் பழையதிலிருந்து மாறியிருக்கக்கூடும். பெரிய தொட்டி முன் டிஸ்க்குகளுக்குரியது. 3-ஆம் பகுதியில் ஒட்டிய நாடா இப்போது பயன்படும்.

பூஸ்டரிலிருந்து நீளும் தள்ளுகோலை மட்டும் தயவுசெய்து உருவாதீர்கள். அதன் பின்முனையில் ரியாக்‌ஷன் டிஸ்க் என்ற சிறிய ரப்பர் வில்லை உட்கார்ந்திருக்கிறது. கோலை இழுத்தால் வில்லை பூஸ்டருக்குள் விழுந்துவிடும். அதன்பின் பெடல் ஆழமாக இறங்கி, திடீரென்று முரட்டுத்தனமாகப் பிடிக்கும். இந்த வண்டிகளில் காற்று இருக்கிறதென்று எண்ணி மீண்டும் மீண்டும் ஆயில் மாற்றிக் களைத்துப்போகிறவர்கள் பலரின் பூஸ்டருக்குள் அந்த வில்லை அடியில் கிடக்கும்.

கோலின் நீளத்தையும் சோதியுங்கள். கோலுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி வேண்டும். கோல் நீளமாக இருந்து பிஸ்டனை எப்போதும் தள்ளிக்கொண்டிருந்தால், ஆயில் தொட்டிக்குத் திரும்பும் துளை மூடியே இருக்கும். வண்டி ஓட ஓட பிரேக் தானாக இறுகும்.

11. பிரப்போர்ஷனிங் வால்வு

டிரம்மில் முன்னோக்கிய ஷூவைச் சுழற்சியே டிரம்மோடு இழுத்து அழுத்துவதால், குறைந்த அழுத்தத்திலேயே நல்ல பிடிப்பு கிடைக்கிறது. டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. அதற்குப் பதிலாகப் பிஸ்டன் பெரிதாக இருக்கிறது. ஆகவே நிறுவனம் டிரம்முக்காக அமைத்த வால்வு, புதிய அமைப்புக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பழைய வால்வைச் சுற்றிலிருந்து விலக்கிவிட்டு, பின்குழாயில் மட்டும் திருகு வைத்த வால்வு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் எது எவ்வளவு குறைக்கிறது என்று ஒருபோதும் தெரியாது. முன்குழாயில் இந்த வால்வைச் சேர்க்கவே கூடாது.

மரை விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. வண்டியின் குழாய் நட்டுகள் 10 மி.மீ. விட்டமும் 1.0 மி.மீ. மரை இடைவெளியும் கொண்டவை. அமெரிக்காவில் விற்கும் வால்வுகள் பலவற்றில் துளை 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. அந்த இடைவெளி ஏறக்குறைய 1.06 மி.மீ. என்பதாலும், 3/8 அங்குலம் 9.5 மி.மீ. என்பதாலும், அங்குல நட்டு மில்லிமீட்டர் துளைக்குள் சில சுற்றுகள் இலகுவாகவே ஏறும். கைக்கு அது சேர்ந்துவிட்டது போலத் தெரியும். முழு அழுத்தம் வரும்போதுதான் மரை அறுந்து கழலும். நட்டு உள்ளே தளதளவென்று ஆடினாலோ, சில சுற்றுகளில் திடீரென இறுகினாலோ நிறுத்திவிட்டு, சரியான அடாப்டரைப் போடுங்கள்.

வால்வை எஞ்சின் அறையில் கைக்கெட்டும் இடத்தில், கிளாம்ப் போட்டு அசையாமல் பொருத்துங்கள். வண்டிக்கு உள்ளே ஓட்டுநர் கைக்கெட்டும்படி வைப்பது தடத்துக்கு மட்டுமே பொருந்தும்.

12. காற்றை வெளியேற்றுதல்

புதிய மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் மாட்டும் முன் மேசையிலேயே ஆயில் நிரப்பி, வெளியேறும் துளைகளிலிருந்து தொட்டிக்கே குழாய்விட்டு, குமிழி நிற்கும்வரை பிஸ்டனை மெதுவாக அழுத்துங்கள். இதைத் தவிர்த்தால் சிலிண்டருக்குள் சிக்கும் காற்றைப் பிறகு எடுப்பது பெரும்பாடு.

டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக 230 டிகிரி செல்சியஸுக்குக் குறையாது. ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். திறந்துவைத்த பழைய டப்பாவைப் பயன்படுத்தாதிருக்க இதுவே காரணம். சிலிக்கான் அடிப்படையிலான டாட் 5 இதனோடு கலக்கக் கூடாது.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்: இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டியில் பின் வலம், பின் இடம், முன் வலம், முன் இடம். உதவிக்கு வருபவர் பெடலை முழுதாகத் தரைவரை அழுத்தாமல், அடியில் ஒரு கட்டை வைத்து நிறுத்துங்கள். பழைய சிலிண்டரில் அடிப்பகுதி துருப்பிடித்திருக்கும். அங்கே சீல் உரசினால் கிழியும்.

நிப்பிள் உச்சியில் வராத காலிப்பராக இருந்தால், அதைப் பிராக்கெட்டிலிருந்து கழற்றி, பேடுகளுக்கு இடையே ரோட்டாரின் தடிமனுள்ள மரத்துண்டை வைத்து, நிப்பிள் மேலே இருக்குமாறு கையில் பிடித்துக்கொண்டு காற்றை எடுங்கள்.

13. கைப்பிரேக்கை அமைத்தல்

பெடல் கெட்டியான பிறகே இந்தப் படி. கேபிள் கழன்ற நிலையில், காலிப்பரின் கையைப் பலமுறை முழுதாக இழுத்து விடுங்கள். உள்ளிருக்கும் தானியங்கி அமைப்பு, பிஸ்டனைச் சிறிது சிறிதாக வெளியே கொண்டுவந்து பேடுக்கும் ரோட்டாருக்கும் இடையிலான இடைவெளியைக் குறைக்கும். விட்டதும் காலிப்பரின் கை தன் நிறுத்தத்தில் (ஓய்வில் முட்டி நிற்கும் இடத்தில்) 'டக்' என்று தட்டி நிற்க வேண்டும்.

அதன்பின் கேபிளை மாட்டி, கை நிறுத்தத்தைவிட்டு நகராத அளவுக்கு மட்டும் தளர்வை எடுங்கள். கைப்பிரேக் உயரமாக ஏறுகிறதென்று கேபிளை இறுக்குவது, இந்தக் காலிப்பர்களில் நடக்கும் மிகப் பரவலான தவறு. கை நிறுத்தத்தைத் தொடாதவரை தானியங்கி அமைப்பு வேலை செய்யாது. பேட் தேயத் தேய இடைவெளி கூடும். கடைசியில் கால் பெடலும் ஆழமாக இறங்கும். கைப்பிரேக் கோளாறாகத் தோன்றுவதும் பெடல் கோளாறாகத் தோன்றுவதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகளாக இருப்பதை இங்கே பார்க்கலாம்.

14. பேடைப் படியவைத்தலும் சமநிலைச் சோதனையும்

முதலில் வீட்டு வாசலிலேயே, நடைவேகத்தில், பலமுறை பிரேக் பிடித்துப் பாருங்கள். பிறகு எல்லா இணைப்புகளிலும் கசிவு உண்டா என்று துணியால் துடைத்துப் பார்த்துவிட்டே சாலைக்குச் செல்லுங்கள். பேட் செய்தவர் கொடுத்த முறைப்படி அதைப் படியவையுங்கள். சூடான பேடோடு வண்டியை நிறுத்தி, பெடலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டாம். பேடின் பூச்சு அந்த இடத்தில் ரோட்டாரில் ஒட்டி, பின்னர் பெடல் அதிரும்.

சமநிலைச் சோதனைக்கு ஆளற்ற, அகலமான, உலர்ந்த, சமதளமான இடம் வேண்டும். பின்குழாயின் வால்வைப் பின்னழுத்தம் மிகக் குறைவாக இருக்கும் நிலையில் வைத்துத் தொடங்குங்கள். 50 கி.மீ. வேகத்தில் பெடலைப் படிப்படியாக அழுத்தி, எந்தச் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்கிறது என்பதை வெளியே பாதுகாப்பான தூரத்தில் நிற்கும் ஒருவர் கவனிக்கட்டும். வால்வை ஒவ்வொரு சுற்றாகத் திருகி, பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும் நிலை வந்ததும் பின்வாங்கி, முன்சக்கரம் தெளிவாக முந்திக்கொள்ளும் நிலையில் நிறுத்துங்கள்.

இந்தச் சோதனையை ஈரத்தரையில் செய்யாதீர்கள். ஈரத்தில் பிடிப்பு குறைவதால் வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்வதும் குறைந்து, பின்சக்கரத்துக்கு அதிக எடை கிடைக்கிறது. அந்த நிலைக்கு ஏற்றபடி வால்வை அமைத்துவிட்டால், உலர்ந்த சாலையில் பலமாக அழுத்தும்போது பின்சக்கரமே முதலில் பூட்டிக்கொள்ளும். உலர்ந்த தரையில் அமைத்த அளவு ஈரத்தில் சற்று மந்தமாக இருக்கும், ஆனால் ஆபத்தாக இருக்காது. அதே காரணத்தால்தான் சோதனையின்போது பின்பக்கம் இலகுவாக இருக்க வேண்டும். இந்த வண்டியின் 60 லிட்டர் பெட்ரோல் தொட்டி பின்பகுதியில் இருப்பதால், அது ஏறக்குறையக் காலியாக இருக்கும்போது, ஓட்டுநர் மட்டும் அமர்ந்து சோதியுங்கள்.

பின்பக்கத்துக்கு முன்பக்கத்தைவிட முரட்டுத்தனமான பேட் போடாதீர்கள். குளிர்ந்திருக்கும்போது நன்றாகப் பிடிக்கும் பேட் பின்னாலும், சூடானால்தான் பிடிக்கும் பந்தய பேட் முன்னாலும் இருந்தால், காலையில் முதல் பிரேக்கிலேயே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். டயரையோ பேடையோ வேறு வகைக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் வால்வின் அமைப்பை மறுபடி சோதிக்க வேண்டும். வால்வின் திருகு எத்தனை சுற்றில் நிற்கிறது என்பதைப் பெயின்ட்டால் குறித்து, வண்டிப் புத்தகத்தில் எழுதிவையுங்கள்.

முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் பிராக்கெட் போல்ட்டுகள், பாஞ்சோ போல்ட்டுகள், வீல்நட்டுகள் ஆகியவற்றை டார்க் ரெஞ்சால் மீண்டும் சோதியுங்கள். கூடவே இரு பின்வீல்களின் நடுவிலும் கையை அருகில் கொண்டுபோய் வெப்பத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் அந்தப் பக்கக் கேபிளைத் தளர்த்தி, காலிப்பரின் கை நிறுத்தத்தைத் தொடுகிறதா என்பதிலிருந்து தேடத் தொடங்குங்கள்.